வாந்தியைத் துடைப்பவருக்கு வாந்தி வராதா?

சிவப்பு மருந்து ஏறும் படுக்கைக்குப் பக்கத்தில் பக்கெட்டை முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். இது என் அம்மா அனுபவத்தில் கண்டுபிடித்தது. 14 வருடம் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியாக வேலை பார்த்தவர் அவர். டாக்சோரூபிசின் என்ற பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சிவப்பு நிறம் பாட்டிலில் தெரிந்தால் அன்று எத்தனை தடவை தரை துடைக்க வேண்டியிருக்கும் என்பது தெரியும். எந்த நோயாளி சொல்லாமல் போர்வைக்குள் குமட்டிக்கொண்டிருக்கிறார், யார் வீட்டுக்குப் போன பிறகுதான் அவதிப்படுவார் என்பதெல்லாம் தெரியும். 14 வருடத்தில் ஒரு டாக்டரோ நர்ஸோ அவரிடம் இதையெல்லாம் கேட்டதில்லை. "ஆயா, இங்க தொடை" என்பதுதான் அவரிடம் பேசப்பட்ட வாக்கியம். அப்போது அம்மாவுக்கு வயது நாற்பதைத் தொட்டிருந்தது. கூப்பிட்டவர்களுக்கு இருபத்தைந்து இருக்கும்.

பிறகு அம்மாவுக்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது. வேலை பார்த்த அதே இடத்தில்தான் சிகிச்சை. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் கதிர்வீச்சு. திங்கள்தோறும் அதோடு சிஸ்பிளாட்டின் என்ற மருந்து டிரிப்ஸில். இப்படி ஐந்து வாரம்.

முதல் திங்கள்கிழமை, பக்கத்துப் படுக்கைகளில் இருந்தவர்களுக்கெல்லாம் நர்ஸ் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். முடி கொட்டலாம், வாந்தி வரலாம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று. அம்மாவிடம் வந்ததும் சிரித்துக்கொண்டே, "உனக்குத் தெரியாததா ஆயா" என்று சொல்லிவிட்டுக் கடந்து போனார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பழகிய முகம் என்ற உரிமையில்தான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பில் அம்மாவுக்குச் சேர வேண்டிய தகவல் மொத்தமும் காணாமல் போனது. வாந்தியைத் துடைத்தவருக்கு வாந்தியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதைத் தடுக்க முடியும் என்பது மட்டும் அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

டிரிப்ஸுக்கு முன்னால் ஊசி போட்டார்கள். அன்று ஆஸ்பத்திரியில் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் ஒரு அட்டை ஆன்டான்செட்ரான் மாத்திரையைக் கையில் கொடுத்து "வாந்தி வந்தா போட்டுக்கோ" என்று அனுப்பினார்கள். மறுநாள் மதியம் ஆரம்பித்தது. புதன்கிழமை முழுக்க ஓயவில்லை. வாந்தி வந்ததும் மாத்திரையைப் போட்டால் அடுத்த வாந்தியில் மாத்திரையும் வெளியே வந்துவிடும்.

நாங்கள் இருப்பது கண்ணகி நகரில். இரண்டாவது மாடி, கீழேயிருந்து குடத்தில் தூக்கிவரும் தண்ணீர். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி தினமும் கதிர்வீச்சுக்குப் போக வேண்டும். சிஸ்பிளாட்டின் உள்ளே இருக்கும்போது, காலை நேரக் கூட்டத்தில், நின்றுகொண்டு. அம்மா இடுப்பில் பிரெட் கவர் ஒன்றைச் செருகிக்கொண்டு வருவார். வியாழக்கிழமை கவர் போதவில்லை. முன்னால் நின்றிருந்த ஒருவர் சட்டையை இழுத்துக்கொண்டு நகர்ந்து, "காலைலயே குடிச்சிட்டு ஏறிடுதுங்க" என்றார். அம்மா தன் முந்தானையால் பஸ்ஸின் தரையைத் துடைத்தார். நான் குனிந்தபோது கையைத் தட்டிவிட்டார். "நீ தொடாத. நீ படிச்சவ."

வீட்டிலும் அதேதான். நடு ராத்திரி, நிற்கத் தெம்பில்லாமல், மண்டியிட்டுத் தன் வாந்தியைத் தானே துடைப்பார். என் கையில் துணி வந்துவிடக் கூடாது. அந்தத் துணியை என் கைக்கு வராமல் செய்வதற்காகத்தான் அவர் அத்தனை வருடம் அதைப் பிடித்திருந்தார். அந்த ராத்திரிகளில் எனக்கு வந்த கோபம் முதலில் அம்மா மேல்தான். யார் மேல் வர வேண்டிய கோபம் அது என்று புரிய எனக்குச் சில மாதம் பிடித்தது.

மருத்துவக் கல்லூரியில் படிக்கும் ஒரு தோழியிடம் கேட்டும், தேடிப் படித்தும் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் நாளை தேவைப்படலாம்.

சிஸ்பிளாட்டின் அமெரிக்காவில் 1978-இல் அனுமதி பெற்ற மருந்து. தடுப்பு மருந்து இல்லாமல் கொடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாந்தி எடுப்பார்கள். குணமாகும் வாய்ப்பு இருந்தும் வாந்திக்குப் பயந்து சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். 1983-இல் ஆஸ்திரேலியாவில் நோயாளிகளிடமே கேட்டுப் பட்டியல் போட்டபோது, சிகிச்சையின் தொல்லைகளில் முதலிடம் வாந்திக்கு, இரண்டாமிடம் குமட்டலுக்கு. முடி கொட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மருந்து உடம்புக்குள் போனதும் குடலின் சுவரில் இருக்கும் செல்கள் செரடோனின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அது நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகிறது, மூளை வாந்திக்கு உத்தரவு போடுகிறது. முதல் 24 மணி நேரத்து வாந்தியில் இதற்குத்தான் பெரிய பங்கு. இதைத் தடுப்பதுதான் ஆன்டான்செட்ரான். 1991-இல் வந்தது. ஆனால் சிஸ்பிளாட்டினுக்கு இரண்டாவது ஆட்டமும் உண்டு. 24 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும் வாந்தி. அதில் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற வேறொரு பொருள் மூளையிலேயே வேலை செய்கிறது. அங்கே ஆன்டான்செட்ரானுக்குப் பெரிய பலமில்லை. அம்மாவின் கையில் கொடுத்தனுப்பிய அட்டை, முதல் நாள் எதிரிக்கான ஆயுதம். அம்மாவை அடித்துப்போட்டது மூன்றாம் நாள் எதிரி.

இரண்டாவது எதிரிக்கும் மருந்து இருக்கிறது. அப்ரெபிடன்ட் என்ற மாத்திரை 2003-இல் அனுமதி பெற்றது. டெக்ஸாமெதசோன் என்ற பழைய ஸ்டீராய்டு மாத்திரையை இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை தொடர்ந்தால் உதவும். இவற்றோடு ஒலன்சபைன். மனநலச் சிகிச்சைக்கான மாத்திரை இது. மூளையில் வாந்தியைத் தூண்டும் பல வழிகளை ஒரே நேரத்தில் அடைக்கிறது. 2016-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், மற்ற மூன்று மருந்துகளோடு ஒலன்சபைனையும் சேர்த்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு ஐந்து நாளும் குமட்டல் என்பதே இல்லை. சேர்க்காதவர்களில் அது 22 சதவீதம்தான். அடுத்த ஆண்டே அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம், சிஸ்பிளாட்டின் போடுகிற எவருக்கும் இந்த நான்கு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி வழிகாட்டியைத் திருத்தியது. 10 மில்லிகிராம் போட்டால் பகலெல்லாம் தூக்கம் சொக்குகிறது என்ற புகாருக்கும் விடை கிடைத்துவிட்டது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நம் நாட்டு நோயாளிகளை வைத்துச் செய்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 2.5 மில்லிகிராமே வாந்தித் தடுப்பில் 10 மில்லிகிராமுக்குக் குறையாமல் வேலை செய்தது, தூக்கமும் குறைவு.

விலையைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். ஒலன்சபைன் மாத்திரை ஒன்று சில ரூபாய். டெக்ஸாமெதசோன் அதைவிட மலிவு. அப்ரெபிடன்ட் மட்டும்தான் நூறுகளில் போகும். காசில்லாததால் கிடைக்கவில்லை என்றால் அது ஒரு விதம். டீக்காசு விலையில் இருப்பதும் கிடைக்கவில்லை என்றால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

இரண்டாவது திங்கள் அம்மாவுக்காக நான் டாக்டரிடம் பேசினேன். "வீட்டுக்குப் போய் மூணு நாள் ஒண்ணுமே உள்ள நிக்கல சார்." அவர் ஃபைலிலிருந்து தலையை எடுக்காமல், "கீமோன்னா வரத்தாம்மா செய்யும். தாங்கிக்கணும்" என்றார். பிறகு பக்கத்திலிருந்த நர்ஸிடம் குரலைத் தாழ்த்தி, "உழைச்ச உடம்பு, தாங்கும்" என்றார். பாராட்டுப் போலத்தான் இருந்தது.

அந்த மூன்று சொற்களைத்தான் நான் இத்தனை நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். உழைச்ச உடம்பு தாங்கும். சாக்கடையில் இறங்குகிற உடம்பு தாங்கும். செருப்பில்லாமல் வெயிலில் நடக்கிற உடம்பு தாங்கும். மயக்க ஊசி பத்தாமல் தையல் போட்டாலும் தாங்கும். சாதி நம் உடம்புகளைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கும் பொய்களிலேயே பயன்பாடு மிகுந்த பொய் இது. அருவருப்பு என்கிற உணர்ச்சியைச் சாதி சமமாகப் பங்கிடவில்லை. அருவருப்பதற்கான உரிமை மேலே இருப்பவர்களுக்கு. அருவருப்பானதைத் தொடும் கடமை கீழே இருப்பவர்களுக்கு. தொட்டுத் தொட்டு இவர்களுக்கு அந்த உணர்ச்சியே இல்லாமல் போயிருக்கும் என்று அடுத்ததாக ஓர் அனுமானம். அருவருப்பே இல்லாதவருக்குக் குமட்டல் எங்கிருந்து வரும்? வந்தாலும் அது எப்படி ஒரு அவசரமாகத் தெரியும்?

அந்த டாக்டர் சாதிவெறியர் என்று நான் எழுதவில்லை. அன்று அவர் அறைக்கு வெளியே குறைந்தது எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் இருந்தாலும் தலையை நிமிர்த்தியிருப்பேனா தெரியாது. ஆனால் அவர் பார்க்க வேண்டியதில்லை என்று ஏற்பாடு ஒன்று இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். டாக்டருக்குக் கட்டி சுருங்குகிறதா என்பது தெரியும். நர்ஸுக்கு டிரிப்ஸ் இறங்குகிறதா என்பது தெரியும். வாந்தி யாருக்குத் தெரியும்? துடைப்பவருக்கு. அவருக்கும் டாக்டருக்கும் நடுவில் ஐந்தாறு படிகள். ஒவ்வொரு படியிலும் கீழே இருப்பவர் மேலே பேசக் கூடாது. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை நாம் சமூகத்தில் தேடுகிறோம். ஒரு வார்டுக்குள் பாருங்கள், ஒரு நோயாளியின் வேதனை பற்றிய செய்தி எந்தப் படியில் தடுக்கி விழுகிறது என்று தெரிந்துவிடும். அதோடு இரண்டாம் மூன்றாம் நாள் வாந்தி நடப்பதே ஆஸ்பத்திரிக்கு வெளியே, நம் குடிசைகளில், நம் பஸ்களில். வீட்டுக்குப் போன பிறகு வரும் வாந்தியைத்தான் டாக்டர்களும் நர்ஸ்களும் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று வெளிநாட்டு ஆய்வுகளே சொல்கின்றன. அங்கேயே அப்படி என்றால் இங்கே கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று. யாருக்கு அதிகம் வாந்தி வரும் என்பதை முன்கூட்டியே ஓரளவு ஊகிக்கலாம். பெண்கள், வயது குறைந்தவர்கள், பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள், மசக்கையில் கடுமையாக வாந்தி எடுத்தவர்கள். அம்மா என்னைச் சுமந்தபோது ஆறு மாதம் கஞ்சித் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்று எங்கள் ஆயா இன்றும் சொல்வார். கிண்டி தாண்டினால் அம்மாவுக்கு பஸ்ஸில் தலை சுற்றும். நான்கு கேள்வி கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கேட்க இரண்டு நிமிடம் ஆகும். நீண்ட நாளாகக் குடிக்கிறவர்களுக்கு இந்த வாந்தி குறைவாகத்தான் வருமாம். பஸ்ஸில் சட்டையை இழுத்துக்கொண்ட அந்த மனிதரைத் தேடிப்பிடித்து இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு.

மூன்றாவது வாரம் புதிதாக வந்த முதுநிலை மாணவி ஒருவர், "போன வாரம் வீட்டுக்குப் போனதுக்கு அப்புறம் எத்தனை தடவை வாந்தி எடுத்தீங்கம்மா?" என்று கேட்டார். 'எடுத்தீங்கம்மா' என்று. அம்மா உடனே, "இல்ல டாக்டரம்மா, ஒண்ணும் இல்ல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு கேட்டதற்கு, புகார் சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள், காண்டிராக்டரிடமும் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன் என்றார். 14 வருடம் புகார் சொல்லி அவருக்கு நல்லது நடந்ததே இல்லை. நான் குறுக்கே புகுந்து, செவ்வாய் நான்கு தடவை, புதன் ஒன்பது, வியாழன் ஆறு என்று செல்போனில் குறித்து வைத்ததைப் படித்தேன். அந்த மாணவி ஃபைலில் எழுதிக்கொண்டார், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். டெக்ஸாமெதசோன் சர்க்கரையை ஏற்றும் என்பதால். பிறகு நான்கு ராத்திரிக்கு ஒலன்சபைன், மூன்று காலைக்கு டெக்ஸாமெதசோன் எழுதினார். "வாந்தி வந்தா போடறது இல்ல. வரதுக்கு முன்னாடியே போடணும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்தவர், "இது மெண்டல் மாத்திரையாச்சே, யாருக்கு?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். அம்மா திரும்பிப் போய்விடலாம் என்றார். உங்களுக்கும் இது நடக்கலாம். மனநல மாத்திரை என்றால் கேவலம் என்பதும் கழற்றிப் போட வேண்டிய ஒரு அசிங்கம்தான், ஆனால் அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும்.

அந்த வாரம் புதன்கிழமை அம்மா ரசம் சாதம் சாப்பிட்டார். ஒரே ஒரு தடவை வாந்தி. குமட்டல் முழுதாகப் போகவில்லை, போகும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பஸ்ஸில் கவர் தேவைப்படவில்லை. நான்காம் வாரம் மாட்டுக்கறி வறுவல் கேட்டார். கறி சாப்பிட்டால்தான் குமட்டுகிறது, நோயே கறியால்தான் வந்தது என்று சாத்வீக உணவு போதித்த வார்டுத் தோழமைகள் பலர் இருந்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஹெச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம், தட்டில் இருந்த கறி இல்லை. இந்தச் சிகிச்சையில் உடம்புக்குப் புரதம் வேண்டும். சூடான சாப்பாட்டின் வாசனை குமட்டினால் ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். ஆறிய வறுவலைத்தான் அம்மா சாப்பிட்டார். இஞ்சியைச் சிலர் சொல்வார்கள், பிடித்தால் சேர்த்துக்கொள்ளலாம், மாத்திரைக்கு அது பதிலாகாது.

ஆனால் முதல் இரண்டு வாரம் செய்த சேதத்தை மாத்திரையால் சரிசெய்ய முடியவில்லை. நான்காவது திங்கள் வார்டு வாசலில், டிரிப்ஸ் ஏறுவதற்கு முன்பே, அம்மா குமட்ட ஆரம்பித்தார். காரணம் பினாயில் வாசனை. 14 வருடம் அவர் கையிலும் புடவையிலும் இருந்த வாசனை. மணியடித்தால் எச்சில் ஊறிய பாவ்லோவின் நாயைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதே கதைதான். முதல் சில தடவை கடுமையாக வாந்தி எடுத்தவரின் மூளை, அந்த இடத்தின் வாசனையை வாந்தியோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது. இந்த முடிச்சு விழுந்துவிட்டால் வழக்கமான வாந்தி மாத்திரைகளுக்கு அவிழாது. பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகள் கொஞ்சம் உதவும். இதற்குச் சிறந்த மருத்துவம், முதல் தடவையிலேயே வாந்தி வராமல் தடுப்பதுதான். அம்மாவுக்கு அந்த முதல் தடவை "உனக்குத் தெரியாததா ஆயா" என்று போய்விட்டது.

அரசாங்கத்தால் முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. மருந்து வாங்கி விநியோகிக்கத் தனிக் கழகத்தை 1994-லேயே தொடங்கிய மாநிலம் இது. சிஸ்பிளாட்டின் போடுகிற ஒவ்வொருவர் கையிலும், அப்ரெபிடன்ட் உட்பட நான்கு நாள் மாத்திரையை, எதை எப்போது போடுவது என்று தமிழில் எழுதிய சீட்டோடு இலவசமாகக் கொடுத்தனுப்ப முடியும். அடுத்த வாரம் வரும்போது நாள்வாரியாக எத்தனை தடவை என்று கேட்டு ஃபைலில் எழுத முடியும். வார்டில் யார் எவ்வளவு வாந்தி எடுக்கிறார் என்பதைத் துப்புரவுத் தொழிலாளியிடம் கேட்டுக் குறிக்கவும் முடியும். கடைசியாகச் சொன்னதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும் என்று நினைக்கிறேன். அதற்குப் பைசா செலவில்லை, அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான்.

அதுவரை, தோழர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது கீமோ என்றால் முதல் டிரிப்ஸுக்கு முன்பே கூடப் போங்கள். "இந்த மருந்துக்கு எவ்வளவு வாந்தி வரும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம், எந்த மருந்து எந்த உடம்புக்கு என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மணி போட்டுக் குறித்து வையுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைகிறது என்றால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து, உடம்பில் நீர் வற்றினால் தாக்குதல் கூடும்.

அம்மாவுக்குச் சிகிச்சை முடிந்து எட்டு மாதமாகிறது. கட்டி இல்லை என்கிறார்கள். போன மாதம் வேலை கேட்டுப் போனார். பினாயில் போடாத பிரிவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். சூப்பர்வைசர் சிரித்துவிட்டு, வேறு ஆள் போட்டாகிவிட்டது என்றாராம். இப்போது வீட்டில் இருக்கிறார். தரையை உப்புத் தண்ணீர் போட்டுத்தான் துடைக்கிறோம், துடைப்பது நான்.

அந்த முதுநிலை மாணவி எழுதிய சீட்டை அம்மா சுருக்குப் பையில் மடித்து வைத்திருக்கிறார். எங்கள் பிளாக்கில் இரண்டு பெண்களுக்கு இப்போது டிரிப்ஸ் போகிறது. அவர்களிடம் அதை எடுத்துக் காட்டி, "மூணாம் நாளுக்கு இன்னான்னு கேளு, கேக்காம வந்துடாத" என்கிறார். போன வாரம் ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதிக் கொடுத்தார்களாம்.